கண்ணை மூடி ஓடும் ஓட்டம்

நீளம் தாண்டும் ஒரு பிள்ளை மனசுக்குள் உண்மையிலேயே ஓடுகிறதா, இல்லை கனவு காண்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஸ்டாப் வாட்ச்தான். விடுதி வராந்தாவில் கண்ணை மூடச் சொல்வேன். ஓட்டம் தொடங்கும்போது ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும், மணலில் விழுந்ததும் இறக்க வேண்டும். பதினாறு எட்டு வைத்துத் தாண்டும் பிள்ளைக்கு மைதானத்தில் ஐந்து நொடி ஆகிறதென்றால், கண்ணுக்குள்ளும் ஐந்து நொடி ஆக வேண்டும். முதல் நாள் அநேகமாக யாருக்கும் ஆகாது. இரண்டு நொடியில் விரல் இறங்கிவிடும். முகத்தில் சிரிப்பு இருக்கும். "என்னடா பாத்த?" என்று கேட்டால், "தாண்டிட்டேன் சார், எல்லாரும் கை தட்டுனாங்க" என்பான். ஓட்டத்தைக் காணோம், பலகையைக் காணோம். கைதட்டல் மட்டும் இருக்கிறது.

காணாமல் போன அந்த மூன்று நொடியை மீட்டுக் கொடுப்பதுதான் நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளைகளோடு நான் செய்த வேலையில் பாதி. மீதிப் பாதி எல்லா உடற்கல்வி ஆசிரியர்களும் செய்வதுதான்: ஓடவைப்பது, மணலைக் கிளறிவிடுவது, டேப் பிடிப்பது, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பது.

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதை ஏறினால் புதூர்நாடு, அதையும் தாண்டினால் நெல்லிவாசல்நாடு. புங்கம்பட்டுநாட்டையும் சேர்த்து மூன்று ஊராட்சிகள். ஜவ்வாது மலையின் இந்தப் பக்கத்து மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைப்பார்கள், புளி, கடுக்காய், தேன் எடுப்பார்கள். ஊருக்கு ஊர் ஏற்ற இறக்கம். பள்ளிக்கு, கடைக்கு, தண்ணிக்கு என்று பிள்ளைகள் நடந்து வளர்ந்த கால்கள் அவை. "மலைப் புள்ளைங்களுக்கு ஓடச் சொல்லியா தரணும்?" என்று கீழே இருக்கும் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நெடுந்தூர ஓட்டத்துக்கு அது பாதி உண்மை. நீளம் தாண்டுதலுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. மலைப்பாதையில் ஒரு எட்டு போல இன்னொரு எட்டு இருக்காது. கல்லுக்கு ஒரு எட்டு, வேருக்கு ஒரு எட்டு என்று கால் தானாகவே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். நீளம் தாண்டுதலில் ஒவ்வொரு தடவையும் அதே பதினாறு எட்டு, அதே அளவில் வேண்டும். கடைசி எட்டு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் விழ வேண்டும். ஒரு விரல் முன்னால் போனாலும் சிவப்புக் கொடி.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1982-இல் டேவிட் லீ என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் தேர்ந்த தாண்டுநர்களின் ஓட்டத்தை எட்டு எட்டாக அளந்து பார்த்தார்கள். ஓட்டத்தின் பெரும்பகுதி பழக்கத்தில் போகிறது, கடைசிச் சில எட்டுகளில் கண் பலகையைக் கணக்கெடுத்து எட்டின் நீளத்தைத் திருத்துகிறது என்று கண்டார்கள். களத்தில் நிற்கிறவனுக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பயந்த பிள்ளை அந்தக் கடைசி நான்கு எட்டில்தான் உடைகிறது. தலையைக் குனிந்து பலகையைத் தேடுகிறது, எட்டைக் குறுக்குகிறது, வேகம் செத்துப் போகிறது. மனசுக்குள் ஓடும்போதும் முதலில் காணாமல் போவது அதே நான்கு எட்டுதான். ஸ்டாப் வாட்ச் அதைத்தான் காட்டிக் கொடுக்கிறது. நடப்பதாக நினைத்துக்கொள்ள ஆகும் நேரமும் நிஜமாக நடக்க ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன என்று ழான் தெசெத்தி முதலானவர்கள் 1989-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் நேரம் குறைந்தால், எதையோ தாவிவிட்டான் என்றுதான் பொருள்.

திருநின்றவூர்ப் பூசலாரைப் பற்றி என் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத ஆண்டு கிடையாது. கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கும், இவர் மனக்கோயிலின் குடமுழுக்கும் ஒரே நாளில் வந்துவிட, இறைவன் மன்னன் கனவில் தோன்றி நாளைத் தள்ளிவைக்கச் சொன்னார் என்பது பெரியபுராணம். எல்லோரும் அந்தக் கனவுக் கட்டத்தைத்தான் விரும்பிக் கேட்பார்கள். நான் நிறுத்திச் சொல்வது அதற்கு முந்தைய பகுதியை. பூசலார் கோபுரத்தை ஒரே மூச்சில் நினைத்துவிடவில்லை. மனசாலேயே பொருள் தேடினார், தச்சர்களைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், இரவிலும் கண் உறங்காமல் எழுப்பினார். விமானம் வந்தது, சுதை வேலை வந்தது, கிணறும் குளமும் மதிலும் வந்தன. நாள் குறித்ததெல்லாம் அப்புறம். வேலையைப் பார்த்தவர் அவர். நம் ஊரில் மனக்காட்சிப் பயிற்சி சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பேச்சாளர்கள் வருவார்கள். ஆண்டுவிழாவுக்கோ, பொதுத்தேர்வுக்கு முந்தியோ. பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து "என்னால் முடியும்" என்று மூன்று முறை கத்தச் சொல்வார்கள். மேடையில் நீ நிற்பதாக நினை, கழுத்தில் பதக்கம் தொங்குவதாக நினை என்பார்கள். அவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த முறை பிள்ளைகளுக்குக் கெடுதல் என்றே நான் நினைக்கிறேன், அதை ஒளிக்கவும் விரும்பவில்லை. 1991-இல் கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் தாமஸ் வாடனோடு சேர்ந்து, உடல் எடை குறைக்க வந்த பெண்களிடம் ஒரு ஆய்வு செய்தார். என்னால் குறைக்க முடியும் என்று நம்பியவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது. குறைந்துவிட்ட மாதிரி இனிப்பான கற்பனையில் திளைத்தவர்களுக்கு அவ்வளவாகக் குறையவில்லை. நம்பிக்கை வேறு, கற்பனைச் சுகம் வேறு. 1999-இல் கலிபோர்னியாவில் லியன் பாமும் ஷெல்லி டெய்லரும் மாணவர்களிடம் செய்த ஆய்வு எங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. நல்ல மதிப்பெண் வாங்கியதாக நினைத்துப் பார்த்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதை நினைத்துப் பார்த்தவர்கள் முன்னதாகவே படிக்கத் தொடங்கினார்கள், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள். பதக்கத்தைப் பார்த்த பிள்ளைக்கு மனசு ஏற்கனவே ஜெயித்த மாதிரி தளர்ந்துவிடுகிறது. வராந்தாவில் இரண்டு நொடியில் விரலை இறக்கியவனின் சிரிப்பு அதுதான்.

மலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி வேறு எவரையும்விட அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மைதானத்தில் நன்றாகத் தாண்டுகிற பிள்ளை கீழே இறங்கினால் அரை மீட்டர் குறைவாகத் தாண்டுவதை ஆண்டுதோறும் பார்த்தேன். குறுவட்டப் போட்டி முடிந்து வருவாய் மாவட்ட அளவிலான குடியரசு தினத் தடகளப் போட்டிக்குப் போகும்போது அது இன்னும் கூடும். கால் அதே கால்தான். ஆனால் மைதானத்தின் அகலமே அவர்களுக்குப் புதிது. மைக்கில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது புதிது. கீழே வெயில் வேறு மாதிரி அடிக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஸ்பைக்ஸ் போட்டு, பெயர் எழுதிய பையோடு நிற்கும். எங்கள் பிள்ளைகள் பார்த்த பெரிய கூட்டம் எருது விடும் விழாக் கூட்டம். அங்கே எல்லோர் கண்ணும் காளை மேல் இருக்கும், இங்கே தன் மேல். அந்த வித்தியாசத்தில் ஒரு பிள்ளைக்குத் தொடை நடுங்குவதை நான் கையால் தொட்டே உணர்ந்திருக்கிறேன்.

அதனால் மைதானத்தை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. போட்டி நடக்கும் இடத்தைப் போனில் படம் பிடித்து வருவேன்: பஸ் நிற்கும் இடம், வாசல், பெயர் கொடுக்கும் மேசை, கழிப்பறை எந்தப் பக்கம், மணல் குழி எந்தத் திசை பார்த்து இருக்கிறது, மதியம் மூன்று மணிக்கு வெயில் கண்ணில் அடிக்குமா முதுகில் அடிக்குமா. இவை எல்லாம் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஒரு பெண் பிள்ளைக்குக் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எத்தனை பெரிய தைரியம் என்பது கூட்டிப்போகிற ஆசிரியருக்குத்தான் தெரியும். பிறகு ராத்திரி கண்ணை மூடவைத்து, பஸ்ஸை விட்டு இறங்குவதிலிருந்து தொடங்குவோம். எண் குத்திய துணி முதுகில் உரசுகிறது. மைக் சத்தம். மூன்றாவதாக உன் எண். குறி வைத்த இடத்தில் இடது கால். மூச்சு. முதல் எட்டு மெதுவாக, முன்னால் சாய்ந்து. உட்கார்ந்தபடி செய்ய வேண்டாம், எழுந்து நின்று செய், கால் லேசாக அசையட்டும், போட்டிக்குப் போடுகிற அதே பனியனைப் போட்டுக்கொள் என்பேன். வெளியே நின்று சினிமா மாதிரி தன்னைப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அப்படிப் பார்ப்பவர்களை உள்ளே இழுத்துவர வேண்டும். உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது? உன் முகம் தெரிந்தால் தப்பு. மணலும் அதற்கு அப்பால் இருக்கும் வேலியும் தெரிந்தால் சரி.

எல்லோருக்கும் காட்சி வரும் என்பதும் இல்லை. ஒரு பையன் பல நாள் திணறிவிட்டு, "சார், கண்ண மூடுனா இருட்டுதான் சார் தெரியுது" என்றான். பொய் சொல்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னது நிஜம். மனசில் படமே எழாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். "சத்தம் கேக்குதா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்கிறது என்றான். தன் ஓட்டத்தைத் தொடையில் தட்டிக் காட்டினான். முதல் நாலு கனமாக, அடுத்து வேகம் ஏறி, கடைசியில் தடதடவென்று வந்து ஒரு அறை. திருவிழா மேளத்தில் வளர்ந்த காது. வாட்ச்சில் பார்த்தால் அவன் மைதானத்தில் எடுக்கும் நேரத்துக்கு மற்ற எல்லோரையும்விட நெருக்கமாக இருந்தது. அதன் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை தாளமாகத் தட்டச் சொல்லிவிட்டே காட்சிக்குப் போவேன். கடைசி நாலு எட்டில் தாளம் தடுமாறினால் மறுநாள் மைதானத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பாசிட்டிவாக நினை என்று சொல்கிறவர்கள் தோல்வியை நினைக்கவே கூடாது என்கிறார்கள். நான் அதற்கு எதிர்ப்பக்கம். ஃபவுல் ஆவதை நினைக்கவைப்பேன். ஆனால் ஃபவுலோடு விடமாட்டேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கண் தெரியாமல் போயிற்று. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 நொடியில் உலக சாதனையோடு முடித்தார். கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதையும் மனசுக்குள் ஒத்திகை பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியாளர் பாப் போமன் அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஏற்படுத்தியிருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு ஃபெல்ப்ஸைவிட நெருக்கமானவர் குகேஷ். சென்னைப் பையன், அவர்கள் வயசுக்குப் பக்கத்து வயசு. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்தார். பன்னிரண்டாவதில் மறுபடி தோற்றார். டிசம்பர் 12-ஆம் தேதி பதினான்காவது ஆட்டத்தில் ஜெயித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அவருக்கு மனப்பயிற்சியில் துணை நின்றவர் 2011-இல் இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த பேடி அப்டன். தோற்ற அன்று ராத்திரியும் அடுத்த ஆட்டத்துக்காகத் தூங்கி எழ வேண்டும். அப்படித் தூங்கி எழ முடிவதைத்தான் நான் நல்ல நினைப்பு என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் குழியில் அவள் தாண்டினால் மணல் பின்பக்கச் செங்கல் வரை தெறிக்கும். கீழே போனால் ஃபவுல். ஆர்வத்தில் முதல் எட்டையே நீட்டிவிடுவாள், அது பலகைக்கு வரும்போது பெருகி நிற்கும். மாவட்டப் போட்டிக்கு முந்தின ராத்திரி அவளோடு பேசியது நன்றாக நினைவிருக்கிறது.

"ரெண்டு ஃபவுல் ஆயிருச்சுன்னு வச்சுக்கோ. மூணாவதுக்கு நிக்கிற. என்ன பண்ணுவ?"

"பயமா இருக்கும் சார்."

"இருக்கட்டும். பயத்தோட என்ன பண்ணுவ?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குறிய ஒரு பாதம் பின்னால நகத்துவேன். மொத எட்டு சின்னதா வப்பேன். பலகையப் பாக்க மாட்டேன்."

"எதப் பாப்ப?"

"வேலிய."

பாப் பீமன் கதையை அன்றைக்குச் சொன்னேன். 1968 மெக்சிகோவில் தகுதிச் சுற்றில் இரண்டு தடவை ஃபவுல் ஆனவர். ஒன்று மிச்சம் இருந்தபோது, பலகைக்கு முன்னாலேயே எழும்பிவிடு என்று சக வீரர் ரால்ஃப் பாஸ்டன் சொன்னார். அப்படியே தாண்டித் தேறினார். மறுநாள் தாண்டியது 8.90 மீட்டர், 23 ஆண்டுகள் நின்ற உலக சாதனை. "எட்டே முக்காலுக்கு மேலயா?" என்று அவள் கண்ணை அகல விரித்தாள். நம் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்ப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் பெல்லாரியில் தாண்டிய 8.42 மீட்டரை எங்கள் மைதானத்தில் கல் நட்டு வைத்திருந்தோம். அதற்கும் அரை மீட்டர் தள்ளிக் காலால் கோடு கிழித்துக் காட்டினேன்.

மறுநாள் இரண்டு ஃபவுல் ஆனது. கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் பயிற்சியாளர் நிற்கலாம், கத்தக் கூடாது. அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. குனிந்து, குறியாக வைத்திருந்த ரப்பர் செருப்பை ஒரு பாதம் பின்னால் நகர்த்தினாள். நிமிர்ந்து கண்ணை மூடினாள். வலது கை விரல் தொடையில் தட்டியது: கனமாக நாலு, பிறகு வேகம். இருட்டு மட்டும் தெரிகிறது என்ற பையனின் தாளம் அது. கண்ணைத் திறந்தாள், ஓடினாள். தலை குனியவில்லை. வெள்ளைக் கொடி. பலகையில் ஒரு சாண் மிச்சம் விட்டு எழும்பியிருந்தாள். இருந்தும் முதல் எட்டுப் பேருக்குள் வந்து, மேலும் மூன்று வாய்ப்புக் கிடைத்தது. கடைசியில் ஐந்தாவது இடம். மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பஸ் ஏறும்போது, "அஞ்சாவது தடவ நல்லா வந்துச்சு சார், இன்னும் அரைப் பாதம் முன்னால வச்சிருக்கலாம்" என்றாள். தாண்டுகிற ஒருத்தி பேசுகிற பேச்சு அது. அன்று என் மனசு நிறைந்திருந்தது.

இந்த மலையில் இப்போது எந்தப் பள்ளியில் பேசினாலும் புலியூர் ஸ்ரீபதி பெயர் வரும். பழங்குடிச் சமூகத்திலிருந்து 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றவர். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தபோது மேளதாளத்தோடு மாலை போட்டு ஊர் அவரை அழைத்துவந்தது. பிள்ளைகள் அந்த ஊர்வலத்தைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அவர்களை அதற்கு முந்தின நவம்பருக்குக் கூட்டிப்போவேன். பிரசவமாகி இரண்டு நாள்தான் ஆகிறது. உடம்பு பச்சை உடம்பு. காரில் மலை இறங்கிச் சென்னை போய்த் தேர்வு எழுத வேண்டும். வளைவு வளைவாக இறங்கும் அந்தப் பாதை உங்களுக்குத் தெரியுமல்லவா, அதில் அந்த நிலையில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு தேர்வு அறையில் பேனாவைத் திறந்து முதல் கேள்வியைப் படியுங்கள் என்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். நீதிபதி ஆக வேண்டும் என்று நினைக்கிற பெண் எதை மனசில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அதற்கு மேல் சொல்லத் தேவை இருந்ததில்லை.

இந்த மனப்பயிற்சியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மனசு வைத்தால் போதும் என்று சொல்லி இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுவது சுலபம். மனப்பயிற்சி, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல். மைதானப் பயிற்சிக்கு ஈடாகாது. 1983-இல் டெபோரா ஃபெல்ட்ஸும் டேனியல் லேண்டர்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு பெண் பிள்ளை நாலாவது தாண்டலிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தால், கண்ணை மூடச் சொல்ல மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல்வேன். சாமைச் சோறும் கீரையும் முட்டையும் வாரம் முழுக்கக் கிடைக்கிறதா என்று விடுதிச் சமையலரிடம் கேட்பேன். வெறுங்காலில் ஓடுகிறவன், ஸ்பைக்ஸ் போட்டு ஓடியதாக எத்தனை ராத்திரி நினைத்தாலும் போட்டியன்று முதன்முதலாகப் போட்டால் தடுக்கி விழுவான். ஒரு ஜோடி முன்னாலேயே வேண்டும், மாற்றி மாற்றிப் போட்டுப் பழகவாவது.

எல்லாவற்றுக்கும் மேல் ஓடுபாதை. பல பள்ளிகளில் மணல் குழி மட்டும் இருக்கும், அதற்கு முன்னால் பதினைந்து மீட்டர் ஓடினால் சுவரோ சரிவோ வந்துவிடும். பதினாறு எட்டுக்கு அங்கே இடம் எங்கே? பிள்ளை பத்து எட்டில் பழகிவிட்டுக் கீழே போய்ப் பதினாறு எட்டு ஓட வேண்டியிருக்கிறது. மீதி ஆறு எட்டைக் கண்ணை மூடித்தான் ஓடிப் பழக வேண்டும் என்பது நியாயமில்லை. விதிப்படி ஓடுபாதை 40 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம் இருந்தால் போதும். குழி 2.75 மீட்டர் அகலம். பலகைக்கும் குழியின் அந்தக் கடைசிக்கும் இடையே 10 மீட்டர். இவ்வளவு சமதளம் இந்த மூன்று ஊராட்சியிலும் இருக்கிறது. நடந்து பார்த்திருக்கிறேன், பெற்றோர்களும் காட்டியிருக்கிறார்கள். மண்ணை மட்டப்படுத்த ஊரில் ஆள் உண்டு. பலகை இழைக்கத் தச்சர் உண்டு. மணலை மட்டும் கீழேயிருந்து ஏற்ற வேண்டும், ஒரு டிராக்டர் லோடு. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுந்து கேட்கப் போகிறார்கள். யார் முதலில் பேசுவது, தலைவர் நிதி இல்லை என்றால் அடுத்து என்ன சொல்வது என்றெல்லாம் வராந்தாவில் ஒத்திகை நடக்கிறது.